ஷார்ஜா ஏசி டெக்னீசியன் ஆஃபர்: 1500 திர்ஹாம், விசிட் விசா, 1.20 லட்சம். பிரித்துச் சொல்லுங்கள்

#1 குளிர்விசிறி

வணக்கம். ஐடிஐ-யில் ஏசி மெக்கானிக் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் ஒரு விளம்பரத்தை எழுத்து மாறாமல் போடுகிறேன்.

"ஷார்ஜா. ஏசி டெக்னீசியன் 12 பேர். பேசிக் 900 + இதர 600 = 1500 திர்ஹாம். ரூம், வண்டி கம்பெனி. சாப்பாடு சொந்தம். 2 வருட காண்ட்ராக்ட். டூட்டி 8+2. விசிட் விசாவில் உடனே புறப்பாடு, அங்கே போய் மாற்றித் தரப்படும். சர்வீஸ் சார்ஜ் 1.20 லட்சம். ஒரிஜினல் பாஸ்போர்ட்டுடன் வரவும்."

பத்தாவது பாஸ், பாஸ்போர்ட்டில் ஈசிஆர் முத்திரை (வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எடுக்கலாமா, பேசிப் பார்க்கலாமா, குப்பையில் போடலாமா?

#2 டைப்பிங் சென்டர்

சம்பளத்துக்குக் கடைசியில் வருவோம். முதலில் இடிப்பது "விசிட் விசாவில் உடனே புறப்பாடு" என்ற நாலு வார்த்தை.

அமீரகத்துக்கு வேலைக்குப் போகும் முறையான வரிசை இது. கம்பெனி மனிதவள அமைச்சகத்தின் படிவத்தில் ஆஃபர் லெட்டர் அனுப்பும். நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புவீர்கள். அமைச்சகம் வேலை அனுமதி தரும். அதன் பிறகு உங்கள் பெயரில் வேலைக்கான என்ட்ரி பர்மிட் மின்னஞ்சலில் வரும். அதை வைத்துக்கொண்டு விமானம் ஏறி, போய் இறங்கி 60 நாளுக்குள் மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி என்ற அந்த நாட்டு அடையாள அட்டைக்குக் கைரேகை, ஒப்பந்தப் பதிவு, ரெசிடென்ஸ் எல்லாம் முடிய வேண்டும். ஆள் எடுக்கும் செலவையும் விசாச் செலவையும் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ வாங்கக் கூடாது என்று 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது.

விசிட் விசாவில் போனால் இந்த வரிசையில் ஒன்றுகூட நடந்திருக்காது. அமைச்சகத்தில் உங்கள் பெயரே இருக்காது. மூன்று மாதம் வேலை வாங்கிவிட்டு "நீ சரிப்பட மாட்டாய்" என்று கம்பெனி சொன்னால், நீங்கள் வெறும் டூரிஸ்ட். விசா முடிந்த பிறகு தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம் ஓடும். பர்மிட் இல்லாமல் ஆளை வைத்து வேலை வாங்கும் முதலாளிக்கும் 2024-இல் அபராதத்தை 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை ஏற்றிவிட்டார்கள். ஆகவே ஒழுங்கான கம்பெனி இந்த விஷப்பரீட்சையில் இறங்காது.

அடுத்தது ஒரிஜினல் பாஸ்போர்ட். என்ட்ரி பர்மிட் மின்னணு முறையில் வருவது, பாஸ்போர்ட்டில் எதையும் ஒட்டுவதில்லை. ஸ்கேன் காப்பியும் வெள்ளைப் பின்னணிப் போட்டோவும் போதும். ரெசிடென்ஸ் ஸ்டிக்கரைக்கூட 2022-இல் எடுத்துவிட்டார்கள், எமிரேட்ஸ் ஐடியே அத்தாட்சி. அப்படியிருக்க ஏஜெண்டுக்கு ஒரிஜினல் எதற்கு? நீங்கள் வேறு பக்கம் போய்விடாமல் பிடித்துவைக்கத்தான்.

ஆஃபர் லெட்டர் என்று ஒன்று வந்தால், அதில் பரிவர்த்தனை எண் இருக்கிறதா பாருங்கள். அமைச்சகத்தின் தளத்திலோ செயலியிலோ அந்த எண்ணைப் போட்டால் கம்பெனி பெயர், பதவி, சம்பளம் எல்லாம் வந்து நிற்க வேண்டும். வரவில்லை என்றால் கையில் இருப்பது யாரோ கம்ப்யூட்டரில் அடித்த தாள். பதவியையும் விடாமல் படியுங்கள். வாயால் "டெக்னீசியன்" என்பார்கள், தாளில் "ஹெல்பர்" என்று இருக்கும்.

இன்னொன்று: அந்தப் படிவம் அரபி, ஆங்கிலம் தவிர வேறு ஒன்பது மொழிகளிலும் உண்டு, தமிழ் அதில் ஒன்று. தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். "அதெல்லாம் கிடையாது" என்று பதில் வந்தால் ஏஜெண்டுக்கே விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம்.

#3 கணக்குப்பிள்ளை

காசுக் கணக்கை நான் பார்க்கிறேன்.

1.20 லட்சம். இந்தியாவில் 1983 குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஏஜெண்ட் ஒருவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் விதிமீறல். அந்த 35,400-ஐயும் பேங்க் வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். ஏஜெண்டின் லைசென்ஸ் எண் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும், இந்திய அரசின் இமைகிரேட் தளத்தில் அதைத் தேடினால் வரவேண்டும். "எங்க ஹெட் ஆபீஸ் சென்னையில, நாங்க பிராஞ்ச்" என்று ஊரில் உட்கார்ந்து வசூலிக்கும் சப்-ஏஜெண்டுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது.

1.20 லட்சத்தை மூணு வட்டிக்கு வாங்கினால் மாசம் 3,600 வட்டி மட்டும். திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 156 திர்ஹாம். 1500-இல் பத்தில் ஒரு பங்கு, அசல் தொடாமலே போகிறது.

இப்போது சம்பளம். 1500 என்பது கண்ணுக்குத் தெரியும் எண். உண்மையில் உங்களுக்கு வேலை செய்யும் எண் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம்தான். ஓடி (கூடுதல் நேர வேலைக்கான காசு), கிராஜுவிட்டி (வேலையை முடித்துக் கிளம்பும்போது தரும் பணிக்கொடை) இரண்டும் பேசிக்கை வைத்துத்தான் கணக்கு.

பேசிக் 900 என்றால் ஒரு நாளுக்கு 30, ஒரு மணிக்கு 3.75. ஓடிக்கு 25 சதவீதம் கூடுதல், ஆக மணிக்கு 4.69. "8+2" என்று போட்டிருக்கிறார்கள். 26 நாள், தினம் 2 மணி, மொத்தம் 52 மணி. கிட்டத்தட்ட 244 திர்ஹாம். அதே 1500-ஐ 1200 பேசிக் + 300 என்று பிரித்தால் ஓடி மணிக்கு 6.25, மாசம் 325. வித்தியாசம் 81 திர்ஹாம், வருஷத்துக்குச் சுமார் 975.

கிராஜுவிட்டி, முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக். 900-க்கு 630, 1200-க்கு 840. ஒரு வருஷம் முடிக்காமல் வந்தால் ஒன்றும் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு மேல் 30 நாள் கணக்கு.

ஆகவே "1500-ஐ 1600 ஆக்குங்க" என்று மல்லுக்கட்டுவதைவிட "1500 அப்படியே இருக்கட்டும், பேசிக்கை 1200 ஆக்குங்க" என்று கேட்பது சில சமயம் சுலபமாக நடக்கும். கம்பெனிக்கு அன்றைக்குக் கையை விட்டுப் போவது எதுவும் இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி, எழுத்தில் கேளுங்கள்: அந்த 1500-க்குள்ளேயே தினம் 2 மணி ஓடி அடக்கமா, தனியா? சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரம் 48. அதற்கு மேல் தனிக் காசு. இரவு 10-லிருந்து அதிகாலை 4 வரை என்றால் 25 அல்ல, 50 சதவீதம். "8+2" என்று எழுதுபவர்களில் பலர் பத்து மணி வேலையை எட்டு மணிச் சம்பளத்தில் முடிக்கிற ஆட்கள்தான்.

#4 எழுத்தாணி

விசிட் விசா என்றாலே பாவம் மாதிரி எழுதுகிறீர்களே. வேலை தேடுபவர்களுக்கென்றே ஸ்பான்சர் இல்லாமல் 60, 90, 120 நாள் விசா அமீரகமே தருகிறது. அக்கவுண்டண்ட், இன்ஜினியர், சேல்ஸ்காரர்கள் நேரில் போய் இண்டர்வியூ கொடுத்துத்தான் வேலை பிடிக்கிறார்கள். உள்ளே இருந்தபடியே விசிட்டை வேலை விசாவாக மாற்றுவதும் சட்டப்படி சரிதான்.

#5 டைப்பிங் சென்டர்

சரிதான், ஆனால் இரண்டும் வேறு வேறு. வேலை தேட விசிட்டில் போகலாம். வேலை செய்ய முடியாது. இந்த விளம்பரம் தேடப் போகச் சொல்லவில்லை, போன மறுநாள் ஏணியில் ஏறச் சொல்கிறது.

நீங்கள் சொல்லும் வேலை தேடும் விசாவுக்குக் குறைந்தது டிகிரி வேண்டும். அதோடு உயர்திறன் பிரிவில் வேலை அனுபவமோ, உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் அண்மையில் முடித்த பட்டமோ கேட்பார்கள். ஐடிஐ சான்றிதழுக்கு அது கிடைக்காது.

டிகிரிக்காரர்கள் கிளம்பும் முன் அட்டஸ்டேஷனை (பட்டச் சான்றிதழுக்கு அத்தாட்சி முத்திரை வாங்குவதை) முடித்துவிடுவது புத்திசாலித்தனம். சென்னை தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறை, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், அங்கே போனதும் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம். இந்த வரிசை மாறினால் அடுத்த மேஜையில் வாங்க மாட்டார்கள். பட்டச் சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருந்தால் இப்போதே பிரிக்கப் பாருங்கள், முத்திரை குத்த இடமில்லை என்று திருப்புவார்கள். துபாயில் இருந்துகொண்டு ஊரிலிருந்து ஆள் விட்டு இதைச் செய்தால் செலவும் நாளும் இரண்டு மடங்கு.

நேரமும் பாருங்கள். ரமலான் மாதத்தில் ஆள் எடுப்பது மெதுவாகத்தான் நடக்கும், ஜூலை, ஆகஸ்டில் மேனேஜர்கள் பலர் லீவில் இருப்பார்கள். 60 நாள் விசாவை அதில் கரைக்காதீர்கள்.

#6 கம்ப்ரஸர்

எல்லாரும் பேப்பர் பேசுறீங்க. டிரேட் டெஸ்ட்டுல, அதாவது கைவேலைத் தேர்வுல ஃபெயிலானா பேப்பரே வராது. தம்பி, நல்ல கம்பெனின்னா சென்னையிலயோ திருச்சியிலயோ டெஸ்ட் வைக்கும். டெஸ்ட் இல்லாம 12 பேரை எடுக்கிறான்னா ஏசி வேலைக்கு எடுக்கல, டக்ட் (காத்து போற தகரக் குழாய்) தூக்க எடுக்கிறான்.

வழக்கமா முதல்ல கையில குடுக்கிறது மூணு பின் கம்ப்ரஸரும் மீட்டரும். காமன், ரன், ஸ்டார்ட் எதுன்னு சொல்லணும். பவரை எடுத்துட்டு, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணிட்டு, மூணு ஜோடியையும் அளங்க. 1-2 நடுவுல 3 ஓம், 2-3 நடுவுல 5, 1-3 நடுவுல 8ன்னு வருதுன்னு வைங்க. அதிகமான ஜோடி எதுவோ அதுல சேராத பின் காமன். இங்க 2. காமன்ல இருந்து குறைச்சலா காட்டுறது ரன், அதாவது 1. மிச்சம் 3 ஸ்டார்ட். 3+5=8 சரியா வருதான்னு கூட்டிப் பாத்துச் சொன்னீங்கன்னா இண்டர்வியூக்காரர் அடுத்த டேபிளுக்கு அனுப்பிடுவார். பாடிக்கும் பின்னுக்கும் கன்டினியூட்டி இருக்கக் கூடாது, அதையும் கேக்காமலே செஞ்சு காட்டுங்க.

இதுல ஒரு குழி வெட்டி வைப்பாங்க. மூணு ஜோடியும் ஒரே ஓம் காட்டுற கம்ப்ரஸரைக் குடுப்பாங்க. "வைண்டிங் போச்சு"ன்னு சொல்லிடாதீங்க. அது இன்வெர்ட்டர், மூணு ஃபேஸ் வைண்டிங், சமமாத்தான் இருக்கும்.

அடுத்து ஃப்ளேர், அதாவது நட்டு போட்டு இணைக்கச் செம்புப் பைப் வாயை விரிக்கிறது. பைப்பை கட்டர்ல மெதுவா சுத்தி வெட்டணும், ஆக்ஸா பிளேடு தொட்டா அங்கயே மார்க் போச்சு. ரீமர் போடும்போது பைப் வாய் கீழ பாத்து இருக்கணும், பிசிறு உள்ள விழாது. ஃப்ளேர் முகத்துல ஒரு சொட்டு ஆயில். டார்க் ரெஞ்ச் இருந்தா கால் இஞ்ச் பைப்புக்குச் சுமார் 16 நியூட்டன் மீட்டர், 3/8-க்கு 36, அரை இஞ்ச்சுக்கு 55. முரட்டுத்தனமா இறுக்கினா ஃப்ளேர் மெலிஞ்சு மூணு மாசத்துல கீறும், கேஸ் போகும்.

பிரேசிங் (டார்ச் சூட்டுல பைப்பை ஒட்டுறது) பண்ணும்போது உள்ள நைட்ரஜன் லேசா ஓடணும். இல்லன்னா உள்பக்கம் கருப்புச் செதில் புடிச்சு, ஓட்டத்துல போய் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். பிரஷர் டெஸ்ட்டும் நைட்ரஜன்லதான். ஆக்சிஜன் சிலிண்டரைத் தொட்டீங்கன்னா ஆயிலோட சேந்து வெடிக்கும், டெஸ்ட்டும் முடிஞ்சது.

வேக்கம் (பைப்புக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி எடுக்கிறது) எவ்வளவுன்னா "அரை மணி நேரம்"னு சொல்லாதீங்க. 500 மைக்ரானுக்குக் கீழன்னு சொல்லுங்க. வால்வை மூடிட்டு பத்து நிமிஷம் பாக்கணும். கொஞ்சம் ஏறி நின்னுடுச்சுன்னா உள்ள ஈரம், நிக்காம ஏறிக்கிட்டே போனா லீக். சார்ஜ் எப்பவும் எடை போட்டு. ஆர்-410ஏ ரெண்டு கேஸ் கலவை, அதனால லிக்விடா ஏத்தணும், இல்லன்னா கலவை விகிதம் மாறிடும். ஆர்-32 ஒரே கேஸ், ஆனா லேசா தீப்பிடிக்கிற ரகம். பூட்டின ரூம்ல டார்ச் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி ஜன்னலைத் திறங்க.

நம்ம ஊர்ல படிச்சவங்க கோட்டை விடுறது எங்கன்னா, ஸ்ப்ளிட் ஏசிய விட்டா வேற தெரியாது. அங்க பெரிய பில்டிங் எல்லாம் சில்லர் தண்ணி. மாடியிலயோ தெரு முனை பிளாண்டுலயோ குளிர வைச்ச தண்ணி சுமார் 6 டிகிரியில வந்து 12-ல திரும்பிப் போகும். ரூம் சீலிங்குக்கு மேல எஃப்சியூன்னு ஃபேன் காயில் யூனிட், ஒரு காயில், ஒரு ஃபேன், ஒரு மோட்டார் வால்வு, அவ்வளவுதான். கேஸ் கிடையாது. "கூலிங் இல்ல"ன்னு கம்ப்ளைண்ட் வந்தா மேனிஃபோல்டை (கேஸ் பிரஷர் பாக்கிற மீட்டர்) தூக்கிட்டுப் போனா சிரிப்பாங்க. ஃபில்டர் அடைப்பா, வால்வு திறக்கலையா, ஸ்ட்ரெய்னர் அடைப்பா, தெர்மோஸ்டாட் வேலை செய்யுதா, இந்த வரிசை. தண்ணி சொட்டுதுன்னா டிரெயின் டிரேல பாசி. பாதி நாள் வேலை அந்தப் பாசியைக் கழுவுறதுதான், டெக்னீசியன்னு கௌரவம் பாக்காதீங்க.

ஸ்ப்ளிட்டும் அங்க வேற மாதிரி. நம்ம ஊர்ல சாதாரணமா ஏசியோட டன் கணக்கு போடுறது வெளிய 35 டிகிரின்னு வச்சு, டி-1. வளைகுடாவுக்கு டி-3, 46 டிகிரி. அந்தச் சூட்டுல கண்டென்ஸர்ல ஒரு படலம் மணல் புடிச்சாலே ஹை பிரஷர் ட்ரிப். கேஸ் கூடிப்போச்சுன்னு வெளியேத்துறதுக்கு முன்னாடி காயிலைக் கழுவுங்க. பாதி "கேஸ் கேஸு" அங்கயே முடிஞ்சிடும்.

#7 குளிர்விசிறி

அருமை அண்ணே, இன்வெர்ட்டர் விஷயம் தெரியவே தெரியாது. வெயிலைப் பற்றி யாராவது சொல்லுங்கள். அவுட்டோர் யூனிட் எல்லாம் மொட்டை மாடியில்தானே? அப்புறம் ரூம், சாப்பாடு, மாசச் செலவு?

#8 ரோலா பஸ் ஸ்டாண்ட்

ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணி வரை நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. மீறினால் ஆள் ஒன்றுக்கு 5,000 திர்ஹாம் அபராதம், அதிகபட்சம் 50,000. ஆனால் மாடி ஏசிக்காரர்களுக்கு இது முழுக் குடை இல்லை. காலை 10 மணிக்கே தகரம் கொதிக்கும், சாயங்காலம் 4 மணிக்கும் சுடும். மாடி வேலையைக் காலை ஆறு, ஆறரைக்குத் தொடங்கும் கம்பெனியா என்று கேளுங்கள். சம்பளத்துக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது.

ராமநாதபுரத்து வெயிலில் வளர்ந்தவன் எனக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். 42, 43 டிகிரி ஒரு பக்கம் என்றால் கடற்கரையோரம் ஆகஸ்ட் மாசப் புழுக்கம் இன்னொரு பக்கம். வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. முதல் இரண்டு வாரம்தான் ஆபத்து, உடம்பு அதற்குள்தான் பழகும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15-20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். சிறுநீர் கடுந்தேயிலை நிறத்தில் போனால் ஏற்கெனவே தாமதம். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் தலை சுற்றும், உப்பு வேண்டும். கடையில் "லபான்" என்று விற்பது நம்ம மோருக்கு அண்ணன், உப்புப் போட்டுக் குடியுங்கள். வியர்வை நின்று உடம்பு கொதித்து, ஆள் உளற ஆரம்பித்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். நிழலுக்கு இழுத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 998-க்கு ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும்.

வெயிலில் கிடந்த செம்புப் பைப்பையும் ஸ்பானரையும் கிளவுஸ் இல்லாமல் தொடாதீர்கள். கேஸ் சிலிண்டரை மூடிய வேனுக்குள் மதியத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். 52 டிகிரிக்கு மேல் அது போகக் கூடாது, வேனுக்குள் அது சுலபமாகத் தாண்டும்.

ரூம் கம்பெனி என்றால் பெரும்பாலும் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியா அல்லது சஜா பக்கம் கேம்ப். ஒரு ரூமுக்கு எத்தனை பேர், சமைக்க அடுப்பு உண்டா, இல்லை மெஸ்தானா என்று கேளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து பொங்கினால் ஆளுக்கு மாசம் 300, 350-க்குள் அடக்கலாம். கம்பெனி ரூம் இல்லாமல் வெளியே பெட் ஸ்பேஸ் எடுத்தால் 500-லிருந்து 900 வரை போகும். ஹாலை பிளைவுட் வைத்து அடைத்த "பார்ட்டிஷன்" மலிவாகக் கிடைக்கும், ஆனால் அனுமதியில்லாதது. துபாயில் 2025-இல் ரிக்கா, சத்வா பக்கமெல்லாம் புகுந்து பிரித்துப் போட்டார்கள். அட்வான்ஸ் கொடுத்தவர்கள் பெட்டியோடு தெருவில் நின்றார்கள்.

வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், கால் போகாது. வீட்டில் பேச போட்டிம் மாதிரி அனுமதி உள்ள செயலியை வீட்டுக்காரர்கள் போனிலும் ஏற்றிவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

#9 டைப்பிங் சென்டர்

பெட்டி கட்டுவதைப் பற்றி ஒன்று. கசகசா வேண்டாம். அமீரகத்தில் அது போதைப்பொருள் பட்டியலில் வருகிறது. சமையலுக்குத்தான் என்று சொன்னால் எடுபடாது. தனிப் பொட்டலம் யாரும் கொண்டுபோக மாட்டார்கள், சிக்கல் வருவது அம்மா அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில். பொடி என்னென்ன போட்டு அரைத்தது என்று கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள். வெற்றிலையும் கூடாது.

மருந்தும் அப்படித்தான். டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை, இருமல் சிரப் எல்லாம் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. மற்ற மருந்துக்கும் டாக்டர் சீட்டு கூட இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் "என் மச்சானுக்கு இதைக் குடுத்துடுப்பா" என்று தரும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். மூஞ்சி கோணினாலும் பரவாயில்லை.

#10 வெண்சீருடை

நர்ஸ் வேலைக்கு இந்த இழையைப் படிப்பவர்களுக்கு: உங்கள் வழியே வேறு. பத்தாவது தாண்டி ஈசிஎன்ஆர் (ஈசிஆர் முத்திரை இல்லாத) பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் 2015-லிருந்து இந்திய நர்ஸுகள் வளைகுடாவுக்குப் போக குடியேற்ற அனுமதி தேவை, ஆள் எடுப்பதும் அரசு நிறுவனங்கள் வழியாக. தமிழ்நாட்டில் அது கிண்டியில் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்.

முதல் வேலை டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு. கல்லூரி, கவுன்சில், வேலை பார்த்த ஆஸ்பத்திரி மூன்றுக்கும் அவர்களே எழுதிக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். பழைய ஆஸ்பத்திரி பதில் போடாமல் இழுத்தடிப்பதுதான் இங்கே நாள் கடத்தும் விஷயம், அங்கே எச்.ஆர். ஆளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் ஒரு நாள் மாறியிருந்தாலும் சிக்கும். அப்புறம் நர்சிங் கவுன்சிலின் குட் ஸ்டாண்டிங் (உங்கள் பதிவில் குறை இல்லை என்ற சான்றிதழ்), உரிமத்துக்கான பிராமெட்ரிக் பரீட்சை. துபாய், அபுதாபி, மற்ற எமிரேட்டுகள் என்று மூன்று உரிம அமைப்பு. எந்த ஊர் வேலை என்று தெரிந்த பிறகு பணம் கட்டுங்கள்.

#11 மட்டக்களப்பான்

இலங்கையில இருந்து வெளிக்கிடுற ஆக்களுக்கு இந்த 30,000 ரூபாய்க் கணக்கு, ஈசிஆர் ஒண்டும் பொருந்தாது. எங்களுக்கு 1985-ம் ஆண்டு 21-ம் இலக்கச் சட்டத்தில உருவான வேலைவாய்ப்புப் பணியகம். பயணத்துக்கு முதல் அங்க பதிவு செய்யவேணும், முகவர் நிலையத்தின்ர உரிமம் இன்னும் காலாவதியாகேல்லையோ எண்டும் அங்கயே பார்க்கலாம். விசிட் விசாவில அனுப்புற முகவர் "பதிவு தேவையில்லை" எண்டு கதைச்சால் அதுக்கு மேல கதைக்க ஒண்டுமில்லை. பதிவோட வாற காப்புறுதியும் இல்லாமல் போகும். கேள்வி இருந்தால் 1989 எண்ட இலக்கத்துக்கு எடுங்கோ.

#12 குளிர்விசிறி

நன்றி அண்ணன்மார்களே. ஈசிஆர் உள்ளவர்களுக்கு என்ன மாறும்? போன பிறகு தகராறு வந்தால், சம்பளம் நின்றால், வேறு கம்பெனி மாற நினைத்தால் என்ன வழி?

#13 டைப்பிங் சென்டர்

ஈசிஆர் என்றால் இமைகிரேட் வழியாகக் குடியேற்ற அனுமதி வாங்கித்தான் விமானம் ஏற முடியும். கூடவே பிரவாசி பாரதிய பீமா காப்பீடு, இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியம், 10 லட்சம் வரை விபத்துக் காப்பு. விசிட் விசாவில் "டூரிஸ்ட்" என்று சொல்லிப் போகச் சொல்வது இதைத் தாண்டிக் குதிக்கத்தான். இமிகிரேஷனில் பிடிபட்டால் டிக்கெட் காசும் போச்சு.

சம்பளம் டபிள்யூபிஎஸ் என்ற முறையில் பேங்க் அல்லது சம்பளக் கார்டு வழியாகத்தான் வர வேண்டும், அமைச்சகத்துக்கு அது தெரியும். கையில் ரொக்கமாகக் கொடுப்பதும், கார்டில் போட்டுவிட்டு "எடுத்து எங்களிடம் கொடு" என்பதும் தில்லுமுல்லு. சம்பளம் நின்றால் அமைச்சகத்தின் செயலியிலேயே புகார் போடலாம். 14 நாளுக்குள் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். தகராறு 50,000 திர்ஹாமுக்குள் என்றால் அமைச்சகமே தீர்ப்புச் சொல்லலாம், மேல் என்றால் கோர்ட். பணம் கேட்கும் உரிமை வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு வருஷம். துணைக்கு ஆள் வேண்டும் என்றால் இந்தியர்களுக்கான இலவச உதவி எண் 800 46342.

புகார் போட்டுவிட்டுக் கோபத்தில் வேலைக்குப் போகாமல் ரூமில் படுக்காதீர்கள். தொடர்ந்து ஏழு நாள் தகவல் இல்லாமல் வராவிட்டால் கம்பெனி "ஆப்ஸ்காண்டிங்" போடலாம். அப்புறம் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்கள்தான் ஓடிப்போனவர்.

புரொபேஷன் (சோதனைக் காலம்) அதிகபட்சம் ஆறு மாசம். அதற்குள் ஊருக்குத் திரும்ப நினைத்தால் 14 நாள் நோட்டீஸ். அங்கேயே வேறு கம்பெனிக்கு என்றால் ஒரு மாசம், பழைய கம்பெனி ஆள் எடுத்த செலவைப் புதிய கம்பெனி கொடுக்க வேண்டும். புரொபேஷன் முடிந்தால் ஒப்பந்தத்தில் இருக்கும் நோட்டீஸ், 30 நாளுக்குக் குறையாமல் 90-க்கு மிகாமல்.

கேன்சல் செய்யும்போது "எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நீட்டுவார்கள். பணம் கணக்கில் ஏறாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை முடிந்து 14 நாளுக்குள் செட்டில்மெண்ட் தர வேண்டும் என்பது சட்டம்.

இன்னொரு சின்னச் செலவு: வேலை இழப்புக் காப்பீடு. பேசிக் 16,000-க்குள் என்றால் மாசம் 5 திர்ஹாம். இது நீங்கள் கட்ட வேண்டியது, கம்பெனி கட்டும் என்று விட்டுவிட்டால் 400 அபராதம். தொடர்ந்து 12 மாசம் கட்டியிருந்து கம்பெனி வேலையை விட்டு எடுத்தால் பேசிக்கில் 60 சதவீதம் மூன்று மாசம் வரை வரும்.

#14 கணக்குப்பிள்ளை

கிளம்பிப் போனதும் ஊர் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவரின் ஊர் வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள், வெளிநாட்டிலிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்ஆர்இ கணக்கு தனியாக. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ரேட் பத்துப் பைசா கூடக் கிடைக்கிறது என்று உண்டியலில் (பேங்க் வழியாக இல்லாமல் ஆள் வைத்துப் பணம் அனுப்பும் முறை) போடாதீர்கள். பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியது அனுப்பியவரும் வாங்கியவரும்தான், பாலமாக நின்ற ஆள் போனை அணைத்துவிடுவார்.

#15 குளிர்விசிறி

இப்போது விளம்பரம் போட்ட இடத்தில் லைசென்ஸ் எண்ணும் பரிவர்த்தனை எண்ணும் கேட்டு மெசேஜ் போட்டாயிற்று. "நேரில் வாங்க பேசிக்கலாம்" என்று பதில்.

#16 டைப்பிங் சென்டர்

போக வேண்டாம். இமைகிரேட்டில் உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்தில் பதிவு பெற்ற ஏஜெண்ட் யார் யார் என்று பட்டியல் எடுங்கள், கிண்டி அரசு நிறுவனத்தின் தளத்திலும் பெயரைப் பதிந்து வையுங்கள். ஏசி வேலைக்கு ஆள் கேட்டு விளம்பரம் வந்துகொண்டேதான் இருக்கும்.

#17 கம்ப்ரஸர்

அதுக்குள்ள வீட்டுல அரை மீட்டர் அரைமீட்டரா செம்புப் பைப் வாங்கி தினம் பத்து ஃப்ளேர் போட்டுப் பழகுங்க தம்பி. டெஸ்ட்டுல பாதிப் பேர் அடிவாங்குறது ஒரே இடத்துல: அழகா ஃப்ளேர் போட்டு முடிச்சிட்டு நிமிந்து பாத்தா நட்டு டேபிள் மேல கிடக்கும். பைப்புல முதல்ல நட்டை மாட்டுங்க.